குவில்ட் தைக்க மெஷின் வாங்கப் போகிறீர்களா? கடையிலிருந்து முதல் விரிப்பு வரை

தையல் மெஷின் வாங்கக் கடைக்குப் போகும்போது, வீட்டிலிருந்தே ஒரு துணி எடுத்துக்கொண்டு போங்கள். ஒற்றைத் துணி போதாது. மேலே ஒரு பருத்தித் துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு பருத்தித் துணி என மூன்றையும் அடுக்கி, ஓரத்தில் நான்கு ஊக்கு குத்தியது. ஒரு சாண் சதுரம் இருந்தால் போதும். குவில்ட் என்பது இந்த மூன்றடுக்குதான். கடைக்காரர் தைத்துக் காட்டும் மெல்லிய துணியில் எல்லா மெஷினும் அழகாகத்தான் ஓடும்.

இதைத் தெரியாமல்தான் நான் முதல் மெஷினை வாங்கினேன். பூ, இலை, வாத்து என்று நூறு தையல் வகைகள் அதில் இருந்தன. கட்டில் விரிப்பு தைக்க உட்கார்ந்தபோது தேவைப்பட்டது நேர்த்தையல் ஒன்றுதான். ஊசிக்கு வலப்பக்கம் இருந்த இடமோ ஆறு இன்ச்சுக்கும் குறைவு. சுருட்டிய விரிப்பை அதற்குள் நுழைத்தபின் நகர்த்த வழியே இல்லை. பாதி தைத்த அந்த விரிப்பைப் பிரித்து, நான்கு மேசை விரிப்புகளாக மாற்றினேன்.

சிங்கப்பூரில் துணிக்கு எங்கே போவது? பிளாசா சிங்கப்பூராவில் உள்ள ஸ்பாட்லைட் கடையில் பஞ்சு விரிப்பு கிடைக்கும், பேட்டிங் என்று கேளுங்கள். பருத்தித் துணிக்கு அரபு ஸ்திரீட், சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போகலாம். வீட்டில் நைந்துபோகாத பழைய சுங்குடிப் புடவை இருந்தால் அடித்துணிக்கு அதுவே போதும். பட்டும் ஷிஃபானும் வழுக்கும், இப்போது வேண்டாம். பஞ்சு விரிப்பில் மெல்லிய பருத்தியாகப் பார்த்து வாங்குங்கள். நம் ஊரில் ஏர்கான் அறைக்கு அது போதும், மெஷினும் திணறாமல் ஓடும்.

கடையில் என்ன பார்ப்பது

முதலில் ஊசியிலிருந்து மெஷினின் வலப்பக்கத் தூண் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். சாதாரண வீட்டு மெஷினில் இது ஆறு, ஆறரை இன்ச் இருக்கும். மேசை விரிப்பு, குழந்தை விரிப்பு தைக்க அது போதும். பெரிய கட்டில் விரிப்பு தைக்கும் ஆசை இருந்தால் எட்டு, ஒன்பது இன்ச் உள்ளதைப் பாருங்கள். தையல் வகைகளின் எண்ணிக்கையை விட இந்த ஒரு அளவுக்குத்தான் நான் பணம் கொடுப்பேன்.

அடுத்து, துணியை நகர்த்தும் பற்களைக் கீழே இறக்க முடியுமா என்று கேளுங்கள், பின்னால் வளைத்துத் தைக்க அது வேண்டும். பிறகு வாக்கிங் ஃபுட், அதாவது ஊசிக்கு அடியில் துணியை அழுத்தும் ஃபுட்டுக்குப் பதிலாக மாட்டும் கருவி. அது கூடவே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா, அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா? சாதாரண மெஷினில் பற்கள் அடியில் மட்டும்தான் இருக்கும். அவை கீழ்த்துணியை இழுத்துக்கொண்டு போக, மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். வாக்கிங் ஃபுட்டில் மேலேயும் பற்கள் இருப்பதால் மூன்றடுக்கும் ஒன்றாக நகரும். குவில்ட்டுக்கு இதை விட உதவியான துணைக்கருவி கிடையாது.

நிறுத்தும்போது ஊசி துணிக்குள்ளேயே நிற்கும்படி வைக்கும் பொத்தானும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் நகர்த்தியும் இருந்தால் புதியவர்களுக்கு ரொம்பச் சௌகரியம்.

இவ்வளவும் பார்த்தபின் உங்கள் மூன்றடுக்கைக் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். அப்புறம் அதை இரண்டாக மடித்து, ஆறடுக்காகவும் ஒரு வரி தைக்கச் சொல்லுங்கள். மெதுவாகத் தைக்கும்போது மோட்டார் முனகி நின்றால் அந்த மெஷின் வேண்டாம்.

தேக்கா சந்தையின் மேல்மாடியில் ரவிக்கை தைப்பவர்களிடம் இருக்கும் பெரிய மெஷின் மீது சிலருக்கு ஆசை வரும். வேகமும் உறுதியும் உள்ளதுதான். ஆனால் அது மேசையோடு வரும், பெரும்பாலும் நேர்த்தையல் மட்டும் போடும். வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் அதற்கு இடம் ஒதுக்குவது கஷ்டம்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குபவர்கள் மின்னழுத்தத்தைக் கட்டாயம் பாருங்கள். இங்கே 230 வோல்ட், அமெரிக்காவில் விற்பவை பெரும்பாலும் 120 வோல்ட். பிளக் மாற்றி போட்டால் முனைதான் பொருந்தும், மின்னழுத்தம் குறையாது. மெஷின் கருகிவிடும்.

முதல் நாள்: நூல் கோர்ப்பது மட்டும்

முதல் நாள் துணி தைக்க வேண்டாம். நூல் கோர்த்து, பிரித்து, மறுபடி கோர்த்துப் பத்து முறை பழகுங்கள். புதியவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஊசியைப் பொருத்தும்போது பெரும்பாலான வீட்டு மெஷின்களில் அதன் தட்டையான பக்கம் பின்னால் பார்க்க வேண்டும். மேலே முட்டும்வரை தள்ளித் திருகை இறுக்குங்கள். துண்டுகளை இணைக்க 80/12 அளவு ஊசி, மூன்றடுக்கைத் தைக்க 90/14.

மேல்நூலைக் கோர்க்கும்போது துணியை அழுத்தும் ஃபுட் மேலே தூக்கியே இருக்கட்டும். அப்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் திறந்து நூல் நடுவே உட்காரும். ஃபுட்டைக் கீழே வைத்துக் கோர்த்தால் நூல் தட்டுக்கு வெளியே நின்றுவிடும், தைக்கும்போது துணியின் அடியில் நூல் குருவிக்கூடு போலச் சுருண்டு கிடக்கும். அடியில் சிக்கல் என்றதும் எல்லாரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மேல்நூல்தான். ஃபுட்டைத் தூக்கி, முழுவதும் பிரித்து, முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள்.

மேலே சிவப்பு, பாபினில் நீலம் என்று ஒரே தடிமனில் இரண்டு நிற நூல் போட்டு ஒரு வரி தையுங்கள். மேல்பக்கம் நீலப் புள்ளிகள் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம், டென்ஷன் எண்ணைக் குறையுங்கள். அடிப்பக்கம் சிவப்பு தெரிந்தால் கூட்டுங்கள்.

கால் இன்ச்

பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுத் தாளை எடுத்து, நூல் இல்லாமல் பழைய ஊசியால் கோட்டின் மேலேயே தைத்துப் பழகுங்கள். பார்வை ஊசியில் இருக்கக் கூடாது, ஃபுட்டுக்கு முன்னால் வரும் கோட்டில் இருக்கட்டும். துணியைப் பிடித்து இழுக்காதீர்கள், கை வழிகாட்டினால் போதும்.

கோடு நேராக வந்ததும் கால் இன்ச் பரீட்சை. குவில்ட்டில் துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் விடும் பிடிப்பு சரியாகக் கால் இன்ச் இருக்க வேண்டும். ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, கால் இன்ச் பிடிப்பில் பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு இன்ச், மொத்தம் மூன்றரை இன்ச் வர வேண்டும்.

பிடிப்பில் வீசம் (1/16) இன்ச் கூடினால் என்ன என்று தோன்றும். ஒரு தையலில் இரண்டு துணியும் சேர்ந்து அரைக்கால் (1/8) இன்ச் போய்விடும். ஒன்பது பட்டைகளில் எட்டுத் தையல், ஆக ஒரு இன்ச் காணாமல் போகும்! பக்கத்துக் கட்டத்தோடு மூலை சேராது. அளவு சரியாக வந்ததும், அந்த இடத்தில் மெஷின் தட்டின் மேல் ஒரு வண்ண டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். துணி ஓரம் அந்த டேப்பைத் தொட்டபடியே போகட்டும்.

மூன்றடுக்கைத் தைப்பது

முதல் வேலையாக 12 இன்ச்சுக்கு 18 இன்ச் மேசை விரிப்பு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சும் அடித்துணியும் நான்கு பக்கமும் இரண்டு இன்ச் கூடுதலாக இருக்கட்டும். அடித்துணியைச் சுருக்கமில்லாமல் மேசையில் டேப் போட்டு ஒட்டி, மேலே பஞ்சு, அதன்மேல் மேல்துணி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். இங்கே அவசரப்பட்டால் அடியில் மடிப்பு விழும், அதைப் பிரிக்க ஒரு மாலை போய்விடும்.

வாக்கிங் ஃபுட்டை மாட்டுங்கள். அதன் கை, ஊசித் திருகின் மேல் உட்கார வேண்டும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நடுவிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் வெளியே, பிறகு மறுபக்கம். வேகம் பாதிக்கு மேல் வேண்டாம். விரிப்பின் பாரம் மேசையிலேயே இருக்க வேண்டும், தொங்கினால் ஊசியை இழுத்துக் கோட்டை வளைத்துவிடும். மெஷினுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போட்டால் கீழ்வீட்டுக்கு அதிர்வு குறையும். இரவு பத்துக்கு மேல் நான் தைப்பதில்லை.

பற்களை இறக்கிவிட்டு விருப்பப்படி வளைத்துத் தைப்பதை ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தையலின் நீளத்தை உங்கள் கைதான் தீர்மானிக்கும், அதற்குப் பழக்கம் வேண்டும்.

கோடுகள் முடிந்ததும் நூலை வெட்டி, பாபின் பகுதியைத் திறந்து பஞ்சுத் தூசியைப் பிரஷ்ஷால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், தூசி உள்ளேதான் போகும், ஈரமும் சேரும். நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம். ஊசி டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். எண்ணெய் விடலாமா கூடாதா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு புது ஊசி.

ஓரங்களைச் சமமாக வெட்டி, இரண்டரை இன்ச் பட்டையை இரண்டாக மடித்துச் சுற்றிலும் பட்டி வைத்துத் தைத்துவிடுங்கள். பிறகு துவைத்துக் காயப் போடுங்கள். பருத்திப் பஞ்சு கொஞ்சம் சுருங்கும், துணி முழுவதும் மெல்லிய சுருக்கங்கள் எழும். நீங்கள் கவலைப்பட்ட கோணல் தையல்கள் அந்தச் சுருக்கங்களுக்குள் மறைந்துபோகும்.