ரிக்வெஸ்ட் போகிறது, பதில் வரவில்லை: எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

உங்கள் புரோகிராம் ஒரு சர்வரிடம் 'இதைக் கொடு' என்று கேட்பதுதான் ரிக்வெஸ்ட். பிழைச் செய்தி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. 404 என்றால் அந்த முகவரியில் ஒன்றும் இல்லை, 400 என்றால் அனுப்பியதில் ஏதோ கோளாறு. தலைவலி கொடுப்பது எதுவுமே சொல்லாமல் நிற்கும் ரிக்வெஸ்ட்தான். காட்பாடி, பாகாயம் பக்கம் காலேஜ் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "சுத்திக்கினே இருக்குதுண்ணா." சொல்லும்போதே புரோகிராமைத் திறந்து எதையாவது மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இப்போது யார், எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்?

படி 1: காத்திருப்புக்கு எல்லை வையுங்கள்

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் நீங்கள் டைம்அவுட் கொடுக்காவிட்டால் அதுவாக எந்த எல்லையும் வைத்துக்கொள்ளாது. இணைப்பு கிடைக்க 5 நொடி, பதில் வர 30 நொடி என்று இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். இனி அது சும்மா நிற்காது. கனெக்ட் டைம்அவுட்டா, ரீட் டைம்அவுட்டா என்று பெயர் சொல்லி விழும். முதலாவது என்றால் நெட்வொர்க் பக்கம் பாருங்கள். இரண்டாவது என்றால் ஹெடரையும் (ரிக்வெஸ்டின் தலையில் போகும் விவர வரிகள்) சர்வரையும் சந்தேகப்படலாம்.

படி 2: கர்ல் கட்டளையில் பாருங்கள்

கர்ல் (curl) என்பது கட்டளை வரியிலிருந்தே ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவி. விண்டோஸ் 10-இல் 2018 முதலே அது கூடவே வருகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் சொல்லவே வேண்டாம். கர்ல் என்று அடித்து, சிறுகோடு, சின்ன 'வி', அப்புறம் முகவரி. நடப்பதெல்லாம் வரிவரியாக ஓடும். கடைசியாக எந்த வரியில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

'ட்ரையிங்' என்ற வரியோடு நின்றால் இணைப்பே கிடைக்கவில்லை. 'கிளையன்ட் ஹலோ' வந்து நின்றால், எச்டிடிபிஎஸ் இணைப்பைப் பூட்டுவதற்கான சாவிப் பரிமாற்றத்தில் மாட்டியிருக்கிறது. அதற்கு நெட்வொர்க்தான் முதல் சந்தேகம். வலப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி போட்ட வரிகள் நீங்கள் அனுப்பியவை, இடப்பக்கம் பார்ப்பவை வந்தவை. வலது அம்புகள் எல்லாம் வந்து, இடது அம்பு ஒன்றுகூட வராவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: ஹெடரைச் சோதியுங்கள்

பிரவுசரோ லைப்ரரியோ ஹெடரைத் தப்பாக எழுதுவது அபூர்வம். கையால் எழுதுகிற இடத்தில்தான் வம்பு. நம் பக்கத்தில் அது பெரும்பாலும் இஎஸ்பி32 போர்டு, அதாவது வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை. போர்வெல் நீர்மட்டத்தை அளந்து சர்வருக்கு அனுப்பும் புராஜெக்டில் பையன்கள் ஹெடரை ஒவ்வொரு வரியாக அச்சிட்டு அனுப்புவார்கள்.

ஹெடர் முடிந்தது என்பதற்கு அடையாளம் ஒரு வெற்று வரி. அது வராதவரை இன்னும் ஹெடர் வரும் என்று சர்வர் காத்திருக்கும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பைத்தானோடு வரும் குட்டி எச்டிடிபி சர்வரை உங்கள் கணினியில் ஓடவிடுங்கள். 8000-ஆம் போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் வாசல் எண்) உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு ஜன்னலில் நெட்கேட் அல்லது டெல்நெட் (நீங்கள் அடிப்பதை அப்படியே சர்வருக்கு அனுப்பும் கருவிகள்) வழியாக அதனுடன் இணைந்து, கெட் வரியை (எது வேண்டும் என்று கேட்கும் முதல் வரி) அடித்து என்டர் தட்டுங்கள். ஹோஸ்ட் வரியை (சர்வரின் பெயர் சொல்லும் ஹெடர்) அடித்து மறுபடி என்டர். இப்போது கையை எடுத்துவிடுங்கள். ஒன்றும் நடக்காது. இன்னொரு என்டர் தட்டினால், சட்டென்று ஃபைல் பட்டியல் வந்து விழும். உங்கள் போர்டு தட்ட மறந்தது அந்தக் கடைசி என்டரைத்தான்.

வரி முடிவுக்கு முறைப்படி பேக்ஸ்லாஷ் ஆர், பேக்ஸ்லாஷ் என் இரண்டும் வேண்டும். தனி என் மட்டும் போனால் சில சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், சில 400 கொடுத்துத் துரத்தும். 'என் லேப்டாப்பில் ஓடியதே' என்ற வாதம் இங்கே செல்லாது.

அடுத்தது கன்டென்ட்-லெங்த், அனுப்பும் தகவலின் நீளத்தைச் சொல்லும் ஹெடர். தமிழில் தகவல் அனுப்புகிறவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த ஹெடரில் எழுதுவது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு இல்லை. ஆற்காட்டில் ஒரு மிட்டாய்க் கடைக்கு ஆர்டர் பக்கம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். 'மக்கன் பேடா' கண்ணுக்கு 6 எழுத்து. புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் இடைவெளியோடு சேர்த்து 11 குறியீடு. எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், இடைவெளிக்கு 1. ஆக 31 பைட். தகவலை அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும் பைத்தானின் ஜேசன் மாட்யூல், சும்மா விட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் 6 ஆங்கில எழுத்துள்ள எஸ்கேப்பாக (அந்தக் குறியீட்டின் எண்ணைச் சொல்லும் மாற்று எழுத்து) மாற்றிவிடும். அப்போது அதே பெயர் 61. நீளத்தை அந்த 61-இல் எடுத்துவிட்டு, யுடிஎஃப்-8-இல் 31 பைட் அனுப்பினால், மிச்ச 30 பைட் எப்போது வரும் என்று சர்வர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். குறைவாக எழுதினால் தொங்காது. தகவல் நடுவில் அறுபடும். வயரில் போகப்போகும் பைட்களாக மாற்றிய பிறகு நீளத்தை எடுங்கள். லைப்ரரி கையில் இருந்தால் அந்த ஹெடரைத் தொடாமல் இருப்பது அதைவிட நல்லது.

போர்டில் இன்னொரு விதமும் உண்டு. எச்டிடிபி 1.1-இல் பதில் சொன்ன பிறகும் இணைப்பு திறந்தே இருப்பதுதான் வழக்கம். உங்கள் புரோகிராமோ 'இணைப்பு மூடும்வரை படி' என்று எழுதப்பட்டிருக்கும். பதில் முழுசும் வந்த பிறகும் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். கனெக்ஷன் ஹெடரில் க்ளோஸ் என்று சேர்த்தால் தீர்ந்தது.

படி 4: நெட்வொர்க்கைச் சோதியுங்கள்

முதலில் ஹாஸ்டல் வைஃபையை விட்டுவிட்டு போன் ஹாட்ஸ்பாட்டில் அதே கர்ல் கட்டளையை ஓட்டுங்கள். ஓடினால் புரோகிராமைத் தொடாதீர்கள்.

போர்ட் மூடியிருந்தால் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று உடனே சொல்லிவிடும். ஃபயர்வால் (நெட்வொர்க் காவல்காரன்) சத்தமில்லாமல் பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, விழுங்கினால்தான் காத்திருப்பு: விண்டோஸில் சுமார் 21 நொடி, லினக்ஸில் 2 நிமிடத்துக்குச் சற்று மேல். இணைய முகவரியில் ஐபிவி4 என்று பழைய முறையும் ஐபிவி6 என்று புதிய முறையும் உண்டு. கர்லில் சிறுகோடு 4 சேர்த்ததும் ஓடினால் ஐபிவி6 பாதை கெட்டிருக்கிறது. பிரவுசர்கள் சட்டென்று ஐபிவி4-க்குத் தாவிவிடும். அதனால்தான் 'குரோமில் வருது, பைத்தானில் வரல' என்ற குழப்பம்.

சின்ன ரிக்வெஸ்ட் போகிறது, பெரியது நிற்கிறது. இல்லை, கிளையன்ட் ஹலோவோடு நிற்கிறது என்றால் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, பாருங்கள். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட். பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து ரௌட்டர் இணையும் முறை) வழியாக வரும் வீட்டு இணைப்பில் 8 போய் 1492. பிங் (சர்வரைத் தட்டிப் பார்க்கும் கட்டளை) பதில் தரும் ஏதாவது ஒரு சர்வருக்கு, விண்டோஸ் பிங்கில் துண்டாக்காதே என்னும் 'எஃப்', அளவு சொல்லும் 'எல்' இரண்டையும் கொடுத்து 1472 அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து 1500 ஆகும். அதற்குச் சத்தமே இல்லாமல், 1464-க்கு மட்டும் பதில் வந்தால் வழியில் யாரோ பெரிய பாக்கெட்டைச் சொல்லாமல் கொட்டுகிறார்கள். ரௌட்டரில் எம்டியூவை 1492 ஆக்குங்கள். விபிஎன் இருந்தால் இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.

படி 5: சர்வர்காரரிடம் கேளுங்கள்

சரியாக 60 நொடியில் 504 (பின்னால் இருப்பவர் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்னும் பிழை) வந்தால் அது உங்கள் இணைப்பின் குற்றம் இல்லை. முன்வாசலில் நிற்கும் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் தன் பின்னால் இருக்கும் அப்ளிகேஷனுக்காக வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் அது. கேட்கும்போது கர்ல் வெளியீட்டை முழுசாக, ஓட்டிய நேரத்தோடு அனுப்புங்கள். ஆத்தரைசேஷன் வரியையும் குக்கி வரியையும் அழித்த பிறகு அனுப்புங்கள். அதில் இருப்பது உங்கள் சாவி.