உயரம் குறைந்த பிள்ளையைச் செகண்ட் பேஸுக்குப் பழக்குவது எப்படி?

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ பள்ளி பேஸ்பால் அணிக்கு ஆள் எடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள், உயர வரிசையில் கடைசியில் நிற்கும் பையனை ஆடவிட்டுப் பார்க்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம். வெனிசுவேலாவின் மரக்காய் நகரில் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணியான ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்விலிருந்து அப்படித்தான், பின்னாளில் செகண்ட் பேஸ் ஆட்டக்காரராகப் புகழ்பெற்ற ஹோசே அல்டூவே திருப்பி அனுப்பப்பட்டார். தந்தை சொன்னதைக் கேட்டு மறுநாளும் போய் நின்றதால்தான் 2007-இல் அவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. 5 அடி 6 அங்குல உயரமே உள்ள அவர் 2014, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் இரு பெரும் லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில், மிக உயர்ந்த பேட்டிங் சராசரிக்கான பட்டத்தை வென்றார்.

பையன் வலக்கையால் எறிபவனாக இருந்தால் செகண்ட் பேஸ், அதாவது முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையில் நின்று பந்து தடுக்கும் இடம், அவனுக்கு ஏற்றது. பந்தை அடித்தவர் ஓடிச் சேர்வதற்குள் பந்தை முதல் பேஸுக்கு எறிய வேண்டும்; ஷார்ட் ஸ்டாப்பிலும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடைப்பட்ட இடம்) தேர்ட் பேஸிலும் நிற்பவர்களைவிட அங்கு நிற்பவருக்கு முதல் பேஸ் அருகில் இருப்பதால், தோள்வலிமையைக் காட்டிலும் கால்வேகமும் பந்தைக் கைமாற்றும் விரைவும் அங்கே முக்கியமாகின்றன.

இந்தக் கைமாற்றத்தில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். கிரிக்கெட்டில் வெறுங்கையால் பந்தை அள்ளிப் பழகியவர்கள், இடக்கைக் கிளவுஸில் விழுந்த பந்தை வலக்கைக்கு எடுக்கத் திணறுவார்கள். இடக்கையில் பழைய ரப்பர் செருப்பொன்றை மாட்டிக்கொண்டு, சுவரில் பட்டுத் திரும்பும் ரப்பர் பந்தை அதில் தடுக்கச் சொல்லுங்கள். செருப்பில் பந்து தங்காது என்பதால் வலக்கை தானாகவே கூட வந்து சேரும்.

நம் மைதானங்கள் கோடையில் பாறைபோல் இறுகி, பந்தைத் தாறுமாறாக எழுப்புகின்றன. காலை ஏழு மணிக்குள் கல்லும் நெருஞ்சியும் பொறுக்கிவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். பந்து தரையைத் தொட்டு எழும் கணத்திலோ துள்ளலின் உச்சியிலோ பிடிக்க வேண்டுமே தவிர, இடைப்பட்ட உயரத்தில் பிடிக்க முயலக் கூடாது. அதற்குப் பந்தை எதிர்பார்த்து நிற்காமல் முன்னோக்கிப் போக வேண்டும். இடுப்பைத் தாழ்த்தி ஓடுவது உயரம் குறைந்தவனுக்கு எளிது.

பேட்டிங்கிலும் அவனுக்கு ஒரு வசதி உண்டு. சரியான பந்து என்று கணக்கில் கொள்ளப்படும் ஸ்ட்ரைக் எல்லை நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் இடையில் அளக்கப்படுவதால், பந்தெறியும் பிட்சருக்கு அவனிடம் கிடைக்கும் இடம் சிறியது. உயரப் பந்துகளை விட்டுவிடும் பொறுமையை முதலில் கற்பித்து, ஓட்டத்தை அதன் பிறகு பாருங்கள். பேஸ்களுக்கு இடையே 90 அடிதான். 2014-இல் அல்டூவே 56 முறை பேஸ் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார்.

கிளவுஸை மட்டும், வளர்கிற பிள்ளை என்று சீருடை எடுப்பதுபோல் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். செகண்ட் பேஸுக்கு 11.25 அங்குல அளவு போதும். கிளவுஸின் பை ஆழமாக இருந்தால் பந்தைத் தேடி எடுப்பதற்குள் ஓட்டக்காரர் முதல் பேஸை மிதித்துவிடுவார்.