பழைய மெட்டடோருக்குள் ஆறடிக் கட்டில்: பகலில் பெஞ்சு, ராத்திரி படுக்கை

பழைய வேனைப் படுத்துத் தூங்கும் கேம்பர் வேனாக மாற்றலாம் என்றாலே எல்லாரும் எனக்கு ஃபோக்ஸ்வாகன் படத்தைத்தான் அனுப்புகிறார்கள். வெஸ்ட்ஃபாலியா கம்பெனி 1951-லேயே அந்த வேனுக்குள் படுக்கை, அலமாரி வைக்க ஆரம்பித்துவிட்டது. அதில் என்ஜின் பின்னால். என்ஜினுக்கு மேலுள்ள தட்டே பாதிக் கட்டில். நம்ம டெம்போ மெட்டடோர் வேனில் என்ஜின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். அதனால் பின்பக்கத் தரை தாழ்வு, சக்கர மேட்டைத் தவிர சமதளம். அவர்கள் வரைபடத்தை மறந்துவிடுங்கள்.

முதலில் சாக்பீஸ்

தரையில் கட்டிலை வரைந்து, அதற்குள் படுத்துப் பாருங்கள். குறுக்கே படுத்தால் கால் மடங்கும். சுவரோரம் நீளவாக்கில் 6 அடி, அதுதான் சரி. வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருப்பதால், கைவைப்பதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

சீப்புக் கட்டில்

இரண்டு சீப்புகளைப் பல்லுக்குப் பல் கோத்துப் பாருங்கள். கட்டில் அவ்வளவுதான். ஒரு சீப்பு பெஞ்சுப் பெட்டியோடு அசையாமல் நிற்கும், இன்னொன்று முன்னால் இழுபடும்.

பெட்டி உயரம் 13 அங்குலம். மேலே 4 அங்குல மெத்தை போட்டால் உட்காரத் தோதான 17. சீப்பின் பல்லாக வரும் மரச் சட்டம் ஒவ்வொன்றும் 24 அங்குல நீளம், 2 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம். 17 சட்டங்களைச் சுவர்ப்பக்கக் கட்டையிலும் பெட்டியின் முன்விளிம்பிலும் முடுக்குங்கள். மீதி 16-ஐ அந்தச் சந்துகளில் உட்காரவைத்து, முன்நுனிகளைக் கால் வைத்த ஒரு கட்டையில் பிணையுங்கள். பின்நுனிகளுக்கு அடியில் ஒரு பட்டை அடித்தால், இழுக்கும்போது அது பெட்டியின் முன்பலகையில் முட்டி நிற்கும். 4 அங்குலம் உள்ளே தங்கும்படி பட்டையை வையுங்கள். விரித்தால் 44 அங்குலம். இரண்டு பேருக்கு நெருக்கம்தான், ஆனால் புரளலாம்.

சட்டத்துக்குச் சட்டம் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) இடைவெளி கட்டாயம். அழகுக்காக நான் அரை நூல்தான் விட்டேன். ஆழியாரில் 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போனால் மழை. ஈரத்தில் மரம் ஊதி இறுகிவிட்டது, இழுத்தால் வண்டிதான் ஆடியது. ராத்திரி பூராவும் உட்கார்ந்தே கழிந்தது. திரும்பி வந்து ஆசாரி அண்ணனிடம் சொன்னேன்.

"ஏந்தம்பி, மரம் மூச்சு உடறதுக்கு எடம் வேண்டாமுங்களா?" என்றார்.

இடித்த வீட்டு வாசல் நிலைத் தேக்கு கிடைத்தால் விடாதீர்கள். பல வருசம் காய்ந்த மரம். அறுப்பதற்கு முன் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ரம்பம் போச்சு.

மெத்தை

22 அங்குலத்தில் இரண்டு துண்டு. பகலில் ஒன்று உட்கார, ஒன்று சாய. பொள்ளாச்சித் தேங்காய் நார் ஷீட் அடியில் ஒரு அங்குலம், மேலே ஃபோம் 3 அங்குலம். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பக்கம் கேட்டால் சீட் தைக்கிறவர்கள் கச்சிதமாகத் தைத்துக் கொடுப்பார்கள். ரெக்சின் மட்டும் வேண்டாம், முதுகு வெந்துவிடும். சென்னிமலைப் பருத்தித் துணி போதும். கீழே விரிக்க பவானி ஜமுக்காளம்; உதறினால் மண் போய்விடும்.

மீதி இடம்

பெட்டிக்குள் பாத்திரம், துணி. எதிர்ச்சுவரில் கீல் போட்ட ஒரு பலகை. சாப்பிடும்போது மேசை, படுக்கும்போது மடித்துவிடலாம். அலமாரி ஆசையை அடக்குங்கள், கால் நீட்ட இடம் போய்விடும். அடுப்பு எப்போதும் வெளியில்தான். மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

நிறுத்தும் விதம்

இரண்டு பேர் மூச்சே கூரைத் தகரத்தில் தண்ணீராகி முகத்தில் சொட்டும். எதிரெதிர் மூலையில் இரண்டு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து, கொசுவலை கட்டுங்கள். ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் நிறுத்தினால் வண்டி மூக்கு மேற்கே பார்க்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடித்தால் தொட்டில் மாதிரி ஆடும். என் பொண்ணுக்கு மட்டும் அது ரொம்பப் பிடிக்கும்.