வீட்டு இணையம்: எடுக்கும்போதும் முறையிடும்போதும் விடுகிற பிழைகள்

வன்னியில் வீட்டுக்கு இணையம் எடுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "சொன்ன ஸ்பீட்டும் இல்லை, சொன்ன காசும் இல்லை" என்றுதான் கனபேர் சொல்வார்கள். அந்தக் கோபம் நியாயமானது. மாதம் தவறாமல் காசு கட்டுகிற வீட்டில், ஏ.எல். படிக்கிற பிள்ளையின் ஸூம் வகுப்பு பாதியில் நின்றுபோனால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அந்தக் கோபத்தை மட்டும் கொண்டுபோய்க் கதைத்தால் ஒன்றும் நடக்காது. கையில் கணக்கு இருக்க வேண்டும். எடுக்கும்போதே சில விஷயங்களைப் பார்த்திருக்கவும் வேண்டும்.

பெரிய பிழை, கடையில் நின்று சிக்னல் பார்த்து ரவுட்டர் வாங்குவது. ஃபைபர் லைன் வந்த இடமென்றால் இந்தத் தலையிடி குறைவு. பிரதான வீதியை விட்டு உள்ளுக்குப் போகப் போக, எங்களில் கனபேருக்குக் கிடைப்பது போன் டவரின் சிக்னலில் ஓடுகிற 4ஜி ரவுட்டர்தான். கிளிநொச்சி டவுனில், ஏ9 வீதியோரக் கடையில் போட்டுக் காட்டும்போது அது பறக்கும். "அண்ணை, ஃபுல் கவரேஜ்" என்று கடைக்காரத் தம்பி சொல்வதும் பொய்யல்ல. அவருடைய கடையில் ஃபுல்தான். அதே ரவுட்டர் அக்கராயனிலோ முத்தையன்கட்டிலோ உங்கள் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பது அவருக்கும் தெரியாது.

அதனால் ரவுட்டருக்குக் காசு கொடுக்க முதல், அதே கொம்பனியின் சிம் ஒன்றை எடுத்து, சின்ன டேட்டா கார்ட் போட்டு, உங்கள் போனிலேயே சில நாள் பாவித்துப் பாருங்கள். வீட்டுக்குள் பாருங்கள், முற்றத்தில் பாருங்கள். முக்கியமாக இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். ஒரு டவரின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளும்தான் பங்குபோடுகின்றன. வேலை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கிற, பிள்ளைகள் யூடியூப் பார்க்கிற, கனடாவில் காலையாகவும் லண்டனில் பின்னேரமாகவும் இருப்பதால் சொந்தக்காரருடன் வீடியோவில் கதைக்கிற நேரம் அது. காலை ஆறு மணிக்கு 30 எம்பிபிஎஸ் (வேகத்தின் அளவு) வந்த இடத்தில் அப்போது 3 வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த 3 உங்களுக்குப் போதுமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். விளம்பரத்தில் இருக்கிற எண் "இவ்வளவு வரை" என்கிற உச்சம். எந்த நேரமும் அது வரும் என்று கொம்பனி உத்தரவாதம் தருவதில்லை. சரிவராவிட்டால் எத்தனை நாளுக்குள் ரவுட்டரைத் திருப்பி எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விடாமல் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வேகக் கணக்கில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பக்கேஜில் எம்பிபிஎஸ் என்று எழுதியிருப்பது வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்பது. படம் இறக்கும்போது திரையில் ஓடுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் 40 எம்பிபிஎஸ் லைனில் வினாடிக்கு 5 மெகாபைட் இறங்கினால் லைன் சரியாகத்தான் இருக்கிறது. அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

ரவுட்டர் வைக்கிற இடத்துக்கு வருவோம். இதில் காசில்லாமல் கிடைக்கிற லாபம் நிறைய. மல்லாவிப் பக்கம் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டில் ரவுட்டரை ரீவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அது இரண்டு அறை வீடு. பக்கத்தில் இறக்கிய பத்தியோ முழுக்கத் தகரம். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைப் போனில் திறந்தால் ஆர்எஸ்ஆர்பி என்ற இடத்தில் -112 என்று நின்றது. டவரிலிருந்து வருகிற சிக்னலின் பலம் அதுதான். பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது, -110 ஐத் தாண்டிப் போனால் இழுபறிதான். ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, டவர் இருக்கிற பக்கத்து யன்னலில் உயர்த்தி வைத்ததும் -96 ஆனது. வகுப்பு அறுபடுவது அன்றைக்கே குறைந்தது. தகரமும் கொங்கிரீட் சுவரும் சிக்னலைத் தின்னும், மழையில் நனைந்த அடர்ந்த மரங்களும் தின்னும். சிக்னல் மிகவும் குறைந்த இடங்களில், ரவுட்டரில் வெளி அன்டெனா பூட்டுகிற வசதி இருந்தால், கூரைக்கு மேலே பைப்பில் ஒன்றைப் போடுவது நல்ல தீர்வு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கக் காலத்தில் அந்த வயரையும் கரண்ட் வயரையும் கழற்றி வையுங்கள். ஒரு மின்னலில் ரவுட்டர் போனால் புதிது வாங்குவது உங்கள் தலையில்தான் விழும்.

2025 யூலையில், செய்மதி வழியாக இணையம் தருகிற ஸ்டார்லிங்க் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. டவரே எட்டாத இடத்துக்கு அது ஒரு வழிதான். ஆனால் டிஷ்ஷுக்கு மரம் மறைக்காத திறந்த வானம் வேண்டும், செலவும் கூட. மாமரத்துக்குக் கீழே வீடு வைத்திருப்பவர் இடத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது காசு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற விலை பலமுறை வரி சேராத விலை. 2024 தையிலிருந்து வற் வரி 18 வீதம். 2,000 ரூபா என்று போட்டிருந்தால் அந்த வரி மட்டுமே 360 ரூபா. இதோடு வேறு அறவீடுகளும் சேரும். "எல்லாம் சேர்த்து மாதம் கையால் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். ரவுட்டர் தவணை, இணைப்புக் கட்டணம், இடையில் நிறுத்தினால் தண்டம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 100 ஜிபி என்று எழுதியிருந்தால் அதில் எவ்வளவு பகலில் பாவிக்கலாம் என்று பாருங்கள். சில பக்கேஜ்களில் ஒரு பெரிய பங்கு நள்ளிரவுக்குப் பிறகுதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்தப் பங்கால் ஒரு பயனும் இல்லை. அன்லிமிடெட் என்பதிலும் ஒரு அளவுக்குப் பிறகு வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் மட்டும் லைன் படுத்தால் டவரைத் திட்ட முதல் டேட்டா மீதியைப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரிவரவில்லையா? அப்போது முறையிடுங்கள், கட்டாயம் முறையிடுங்கள். "ஸ்லோவாக இருக்கு" என்று சொன்னால் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். ஒரு கிழமைக்கு காலை, பின்னேரம், இரவு என்று ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷொட்டை வைத்திருங்கள். முடிந்தால் லப்டொப்பைக் கேபிளால் ரவுட்டரில் நேரே செருகி அளந்து பாருங்கள்; வைஃபை பிழை என்று தட்டிக்கழிக்க முடியாது. டெஸ்ட்டுக்கும் டேட்டா போகும், அதனால் சும்மா சும்மா எடுக்க வேண்டாம். கொம்பனிக்கு அழைத்தால் முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது, இலக்கம் 1900. 1991 ஆம் ஆண்டின் சட்டத்தை 1996 இல் திருத்தியபோது வந்த அமைப்பு அது. ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்றார்கள் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அழையுங்கள், இலக்கம் 1977. ஏமாற்றுகிற விதமாக வியாபாரம் செய்வதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆங்கிலம் தெரியாது என்று பின்வாங்க வேண்டாம். அரசமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி, கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். திகதி, நேரம், வந்த வேகம், முறைப்பாட்டு இலக்கம், கட்டிய பில்லின் பிரதி இவ்வளவும் இருந்தால் ஒரு பக்கம் போதும்.

வெறுத்துப்போய் வேறு கொம்பனிக்கு மாறுகிறவர்கள் பழைய லைனை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாதப் பில் வருகிற இணைப்பென்றால் பாவிக்காவிட்டாலும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு நிலுவை கேட்டுக் கடிதம் வரும். ரவுட்டர் அவர்களுடையது என்றால் திருப்பிக் கொடுத்து, நிறுத்தியதற்கான துண்டை வாங்கிப் பில்களோடு சேர்த்து வையுங்கள்.