கறுப்புக் கட்டங்களோடு பேசிய வாரங்கள்

இளைஞர் நலப் பணியாளராக, வாரம் ஒரு மாலை, பதின்ம வயதினர் 12 பேரை ஜூம் வழியாகச் சந்தித்துவந்தேன். எல்லோரும் கேமராவை அணைத்துவிட, கறுப்புக் கட்டங்களைப் பார்த்து நானே கேள்வி கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேமராவைப் போடும்படி வற்புறுத்தியதற்கு அடுத்த வாரம் நால்வர் வரவேயில்லை. தம்பியோடு ஒரே அறையில் இருப்பதால் எதையும் காட்டக் கூச்சமாக இருக்கிறது என்று அவர்களுள் ஒருவர் எழுதியபோதுதான், தவறு என்னுடையது என்பது உறைத்தது.

கேமராவைக் கைவிட்டு, 13 வயது நிறைந்தவர்களுக்கான டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில் ஒரு மூடிய குழு தொடங்கி, குரல் அறையில் பேசியபடியே எல்லோரும் திரையில் ஒரே பலகையில் படம் வரையும்படி மாற்றினேன். கை வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வருகிறது. படகு வரைந்துகொண்டிருந்த ஒரு பெண், “இந்தப் பச்சை சரியா அண்ணா?” என்று கேட்ட அதே மூச்சில், பள்ளிக்குப் போகவே பிடிக்கவில்லை என்றாள்.

இன்னொரு சிக்கல், நள்ளிரவுத் தனிச் செய்திகள். முதலில் உடனுக்குடன் பதிலளித்தேன். அது அக்கறை என்று நினைத்தேன், உண்மையில் அது ஒழுங்கின்மை. இப்போது பதிலளிக்கும் நேரத்தையும், அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் முகப்பிலேயே எழுதிவைத்திருக்கிறேன். தனிச் செய்திகளுக்குப் பதிலாக, சக பணியாளரும் பார்க்கக்கூடிய சேனலில்தான் உரையாடுகிறோம். ஒருவரின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் இரகசியம் காக்க இயலாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

சிலர் இன்றும் ஒரு சொல்கூடத் தட்டுவதில்லை, பெயருக்கருகில், இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மட்டும் எரியும். அவர்களை நான் பெயர் சொல்லி அழைப்பதில்லை.