ஸ்பான்சர் செய்யும் குழந்தைக்குக் குடும்பமாகக் கடிதம்: எங்கே சறுக்குகிறது?

தொண்டு அமைப்பு ஒன்றின் வழியாக மாதாமாதம் பணம் கட்டி நீங்கள் ஆதரிக்கும் குழந்தைக்கு, வீட்டில் நாலு பேர் சேர்ந்து எழுதும் கடிதம் பெரும்பாலும் கேள்விகளில்தான் கெடும். அப்பா மூன்று, அம்மா நான்கு, பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து என்று கேட்டால், போய்ச் சேருவது கடிதம் இல்லை, வினாத்தாள். அந்தக் குழந்தை ஒன்றிரண்டுக்குப் பதில் எழுதும். மிச்சப் பேர் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கடிதத்துக்கு மொத்தமே மூன்று கேள்வி போதும். யார் கேட்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். 'நன்றாகப் படிக்கிறாயா?' என்றால் 'நன்றாகப் படிக்கிறேன்' என்று ஒற்றை வரிதான் வரும். 'பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் என்ன செய்வாய்?' என்று கேட்டால் எழுத அதற்கு விஷயம் இருக்கும். அதற்கும் முன்னால், போன கடிதத்தில் குழந்தை என்ன கேட்டிருந்தது என்று எடுத்துப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் புதிதாகக் கேட்டுக்கொண்டே போவதுதான் இதில் மோசமான தவறு.

அடுத்தது 'நாங்கள்'. 'நாங்கள் போனோம், நாங்கள் சிரித்தோம்' என்றால் யார் யார் என்று குழந்தைக்குப் புரியாது. ஆளுக்கொரு சின்னப் பத்தி, அதன் தலையில் பெயர், வயது, என்ன உறவு. பிள்ளை எழுத வேண்டியதை அம்மாவே சொல்லிச் சொல்லி எழுதவைத்தால் நாலு பத்தியும் ஒரே குரலில் இருக்கும். எழுத்துப் பிழையோடு இருந்தாலும் பிள்ளை எழுதியதே இருக்கட்டும். எழுதத் தெரியாத வாண்டு படம் வரையலாம், அடியில் 'இது எங்கள் பூனை, தூங்குகிறது' என்று ஒரு வரி.

பெரும்பாலான அமைப்புகளில் கடிதம் அலுவலகத்தில் படித்துப் பார்க்கப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டுத்தான் குழந்தையின் கைக்குப் போகும். 'தம்பி எல்லோருக்கும் காது குத்துவான்' என்று விளையாட்டாக எழுதினால், மொழிபெயர்ப்பில் அவன் ஊசியோடு அலைகிறவன் ஆகிவிடுவான். சின்ன வாக்கியம், நேரான சொல், ஒரே பக்கம். பல இடங்களில் ஸ்கேன் செய்துதான் அனுப்புகிறார்கள் என்பதால் பென்சில் எழுத்தும் வெளிர் நிற மையும் மங்கிப் போகும். கறுப்பு அல்லது அடர்நீலப் பேனா, தாளின் நாலு ஓரத்திலும் கொஞ்சம் வெற்றிடம். ஜிகினா ஒட்டினால் ஸ்கேனரில் தெரிவது கரும்புள்ளிதான். அமைப்பு தந்திருக்கும் குழந்தையின் எண், உங்கள் ஸ்பான்சர் எண் இரண்டையும் ஒவ்வொரு தாளிலும் எழுதுங்கள், படம் வரைந்த தாளிலும்கூட. பிரிந்துபோன தாளுக்கு வேறு அடையாளம் கிடையாது.

வீட்டு முகவரி, போன் நம்பர், மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு எதுவும் கடிதத்தில் வேண்டாம். இரு தரப்புப் பாதுகாப்புக்கும் அமைப்புகள் வைத்திருக்கும் விதி அது. எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவார்கள், அல்லது கடிதமே திரும்பி வரும். புகைப்படத்தில் புதுக் கார், பெரிய வீடு தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முகம் தெரிய நிற்கும் ஒரு படம் போதும், பின்னால் பெயர்கள். 'ஒருநாள் உன்னைப் பார்க்க வருவோம்' என்று பிள்ளைகள் ஆசையாக எழுதிவிடுவார்கள். பயணம் உறுதியாகாமல் அந்த வரி போகக் கூடாது. அந்தக் குழந்தை அதை மறக்காது. பணம் வைக்காதீர்கள். பார்சலுக்குச் சுங்கத் தொல்லை உண்டு. தட்டையான ஸ்டிக்கர், புத்தகக் குறி போன்றவற்றைக்கூட அமைப்பிடம் கேட்டுவிட்டே வையுங்கள்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். இதில் பலர் சோர்ந்து எழுதுவதையே நிறுத்திவிடுகிறார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று போடுங்கள். பிறந்தநாள் வாழ்த்தை மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள். வரும் பதில் எந்தக் கடிதத்துக்கு என்று குழம்பாமலிருக்க, அனுப்புமுன் ஒவ்வொரு தாளையும் தேதி தெரிய மொபைலில் படமெடுத்து வையுங்கள். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் பதிலை வீட்டுப் பெரியவரோ களப்பணியாளரோ எழுதுவார்கள், கையெழுத்து மாறினால் சந்தேகப்பட வேண்டாம்.