டியூப்லைட் போட்டால் சத்தம் திரும்பும் வால்வு ரேடியோ

காட்பாடி மாமா வீட்டு வால்வு ரேடியோ (கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் பழைய ரேடியோ) நன்றாகத்தான் பாடும், ஆனால் கொஞ்ச நேரம் சூடானதும் சத்தம் கிணற்றுக்குள் போய்விடும், பக்கத்தில் டியூப்லைட்டைப் போட்டால் உடனே திரும்பிவிடும். கடையில் வால்வு போச்சு என்றார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. லைட் போடும் அதிர்ச்சியில் சரியானால், பெரும்பாலும் உள்ளே தொடர்பு விட்டுவிட்டுப் போகும் கப்பாசிட்டர்தான், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்.

முதலில் காய்ந்த மூங்கில் குச்சியால் வால்வுகளையும் சாக்கெட்டுகளையும் தட்டினேன், மாற்றமில்லை. அப்புறம் சத்தம் குறைந்திருக்கும்போதே, பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவர் முனையால் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வான ஈஎல் 84-இன் கிரிட்டை (சிக்னல் நுழையும் முனை) தொட்டால் 'கிர்ர்' என்று வந்தது, வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் தொட்டால் ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில். ஈஎல் 84-க்கு முந்தைய வால்வின் ஆனோடிலிருந்து (சிக்னல் வெளிவரும் முனை) இந்தக் கிரிட்டுக்கு வரும் 0.01 மைக்ரோஃபாரட் மெழுகுக் கப்பாசிட்டர் மேல்தான் சந்தேகம்.

உள்ளே 250 வோல்ட் டிசி ஓடும், இதையெல்லாம் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் செய்யணும். பிளக்கைப் பிடுங்கி, பிளக் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும் ஃபில்டர் கப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, பழைய மெழுகுக் கப்பாசிட்டரைக் கழற்றினால் ஒரு கால் கையோடு வந்துவிட்டது! அதற்குப் பதில் 630 வோல்ட் பாலியெஸ்டர் கப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தேன். வேலூர் வெயிலில் மத்தியானம் முழுக்க ஓடியும் சத்தம் இறங்கவில்லை. டயல் கயிறு மட்டும் வழுக்குகிறது, அதை அடுத்து பார்க்கணும்.